ஸ்பிரிங் பூட் தொடக்கத் திரையில் 'ஊடை' என்று தமிழில் வர வேண்டும்: கேள்விக்குறிகளும் கோணல் பெட்டியும்தான் வருகின்றன

ஆரணிக்காரி எழுதியது:

வணக்கம். ஆரணியில் ஒரு பட்டு முதலாளிக்குக் கணக்கு நிரல் ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். எந்த நெசவாளருக்கு எத்தனை பாவு (நீள இழை) போனது, ஊடைப் பட்டு (குறுக்கிழை) எவ்வளவு, ஜரிகை எத்தனை மார்க் (ஜரிகைக்கான அளவு), கூலியில் முன்பணம் எவ்வளவு கழிந்தது என்று பார்ப்பதுதான் அதன் வேலை. பெயர் 'ஊடை'. ஜாவா 21 மொழியில், ஸ்பிரிங் பூட் 3 என்ற நிரற்சட்டகத்தின் மேல் எழுதியது. கடையில் இருக்கும் விண்டோஸ் 10 கணினியில் ஒரு பேட்ச் கோப்பைச் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) சொடுக்கினால் கறுப்புத் திரை திறக்கும், நிரல் எழும், அதன் பிறகு உலாவியில் கணக்கு எழுதலாம்.

அழகுக்காக இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. புதிதாக வந்த கணக்குப்பிள்ளை பழகிக்கொள்வதற்காக அதே கணினியில் இன்னொரு பிரதியும் வைத்திருக்கிறேன். உண்மைக் கணக்கு 8080 என்ற போர்ட்டில், பயிற்சிக் கணக்கு 8081-இல். இரண்டின் கறுப்புத் திரையும் அச்சு அசலாக ஒன்றே. போன மாதம் நானே அங்கே உட்கார்ந்து, பயிற்சிப் பிரதி என்று நினைத்துக்கொண்டு, ஒரு நெசவாளர் பெயரில் 400 மார்க் ஜரிகை கொடுத்ததாகப் பதிந்துவிட்டேன். அவ்வளவு ஜரிகையை வைத்து அவர் தெருவுக்கே பந்தல் போடலாம். முதலாளி சிரித்தார் என்பதால் தப்பித்தேன். கணக்குப்பிள்ளை அண்ணன் செய்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்.

ஆகவே நிரல் எழும்போதே எது எது என்று கண்ணில் அடித்தாற்போலத் தெரிய வேண்டும். ஸ்பிரிங் பூட் தன் பெயரைக் கோடுகளும் சாய்வுகளுமாக வரைந்து காட்டும் அந்த இடத்தில், பேனர் என்ற பெயரில் ஒரு உரைக் கோப்பை ரிசோர்சஸ் கோப்புறையில் வைத்தால் போதும் என்று படித்து, வைத்தேன். அதுவரை சரி. அதன் பிறகு நடந்தவை:

என் மடிக்கணினியில் லினக்ஸ். அங்கே 'ஊடை' என்று தமிழில் எழுதி, சுற்றிலும் பெட்டிக் கோடு போட்டேன். தமிழ் வருகிறது. ஆனால் வலப்பக்கக் கோடு மட்டும் ஒரு வரியில் உள்ளே, அடுத்த வரியில் வெளியே. இடைவெளியை எண்ணி எண்ணிச் சரிசெய்தேன். 'பயிற்சி' என்ற சொல்லைச் சேர்த்ததும் மறுபடி கோணல்.

கடைக் கணினியில் அதே கோப்பு வெறும் கேள்விக்குறிகளாக வருகிறது. 'ஊடை' என்பதற்கு மூன்று கேள்விக்குறி. அண்ணன் தொலைபேசியில், 'நிரல் என்னிடம் ஏதோ கேட்கிறது, என்ன பதில் சொல்வது?' என்றார்.

பதிப்பு எண்ணும் வரட்டும் என்று அப்ளிகேஷன்.வெர்ஷன் என்ற இடப்பிடிப்பானை டாலர், அடைப்புக்குறிக்குள் எழுதினேன். என் மடிக்கணினியில் அந்த இடம் காலி.

கடைசியாக, பழைய பாடம் ஒன்றில் பேனர் என்ற பெயரில் ஒரு படத்தை வைத்தால் அதுவே எழுத்துச் சித்திரமாக மாறும் என்று இருந்தது. என் அப்பா எழுதிய 'ஊடை'யைப் படம் எடுத்து வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை, பிழையும் வரவில்லை. நான் எங்கே தவறு செய்கிறேன்?

ஜாவாப்புழு எழுதியது:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் சுலபம். படத்தைப் பேனராக மாற்றும் வசதி ஸ்பிரிங் பூட் 1.4-இல் வந்தது, 3.0-இல் எடுத்துவிட்டார்கள். இப்போது உரைக் கோப்பு மட்டுமே. நீங்கள் படித்த பாடம் பழையது, நீங்கள் தவறு செய்யவில்லை.

பதிப்பு எண்: அது ஜார் கோப்புக்குள் (நிரலைக் கட்டிய பொதி) இருக்கும் மேனிஃபெஸ்ட் என்ற விவரக் குறிப்பிலிருந்து வருகிறது. நிரல் எழுதும் மென்பொருளுக்குள்ளிருந்தே ஓட்டினால் ஜாரும் இல்லை, மேனிஃபெஸ்டும் இல்லை, அதனால் காலி. ஜாராகக் கட்டி ஓட்டிப் பாருங்கள், வரும். 'ஃபார்மேட்டட்' என்ற ஒட்டுடன் இன்னொரு இடப்பிடிப்பான் உண்டு. அது எண்ணுக்கு முன் 'வி' சேர்த்து அடைப்புக்குறிக்குள் காட்டும், எண் இல்லையென்றால் எதையும் காட்டாது. அதையே பயன்படுத்துங்கள்.

கேள்விக்குறி: பேனர் கோப்பை ஸ்பிரிங் பூட் இயல்பாகவே யூடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா எழுத்துக்கும் இடமுள்ள குறியாக்கம்) என்றுதான் படிக்கிறது. படிப்பதில் சிக்கல் இல்லை, திரையில் எழுதுவதில்தான் சிக்கல். ஜாவா 18 முதல் ஜாவாவின் இயல்புக் குறியாக்கம் யூடிஎஃப்-8 ஆகிவிட்டது உண்மை. ஆனால் கன்சோலுக்கு, அதாவது அந்தக் கறுப்புத் திரைக்கு, எழுதும்போது மட்டும் கன்சோலின் குறியாக்கத்தையே அது எடுத்துக்கொள்கிறது. கடைக் கணினியில் சிஎச்சிபி என்று மட்டும் அடித்துப் பாருங்கள், திரை எந்த எழுத்துப் பட்டியலைப் பயன்படுத்துகிறது என்று எண்ணாகச் சொல்லும். 437 என்று வரும் என்று பந்தயம் கட்டுகிறேன். அந்தப் பட்டியலில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. இல்லாத எழுத்துக்கு ஜாவா கேள்விக்குறியைப் போட்டுவிடும். ஊ ஒன்று, ட ஒன்று, ஐகாரக் குறி ஒன்று, ஆக மூன்று.

பேட்ச் கோப்பின் முதல் வரியில் சிஎச்சிபி 65001 (யூடிஎஃப்-8-இன் எண்) என்று எழுதி, ஜாவாவுக்கு எஸ்டிடிஅவுட்.என்கோடிங் என்ற பண்பை யூடிஎஃப்-8 என்று கொடுத்தால் கேள்விக்குறி போய்விடும். ஆனால் அந்தப் பழைய கறுப்புத் திரைக்குத் தமிழைக் கோத்து எழுதத் தெரியாது. கேள்விக்குறிக்குப் பதில் கட்டங்கள் வரலாம், அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கலாம்.

கோணல் பெட்டிக்கு இங்கே இன்னும் பொறுமையானவர்கள் வருவார்கள்.

(பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். கோப்பில் மூல எழுத்திலேயே அடியுங்கள்.)

மௌனச்சர்வர் எழுதியது:

பேனரையே நிறுத்திவிடுங்கள். ஸ்பிரிங்.மெயின்.பேனர்-மோட் என்பதை ஆஃப் என்று வைத்தால் முடிந்தது. நான் பார்த்துக்கொள்ளும் சர்வர்களில் எல்லா லாக் வரிகளும் (நிரல் எழுதும் நடப்புக் குறிப்புகள்) ஜேசன் என்ற தரவு வடிவில் ஓரிடத்துக்குப் போகின்றன. ஒவ்வொரு முறை சர்வர் எழும்போதும் இந்தச் சித்திரம் வரிவரியாக உடைந்து, ஜேசன் இல்லை என்ற எச்சரிக்கைகளாகக் குவியும். ஒருவர் அலுவலக நாய்க்குட்டியை வரைந்து வைத்திருந்தார். நாற்பது எச்சரிக்கை.

ஆரணிக்காரி எழுதியது:

உங்கள் சர்வரை யாரும் பார்ப்பதில்லை ஐயா, என்னுடையதை ஒரு மனிதர் பார்க்கிறார். அதுதான் வித்தியாசம். நாய்க்குட்டியின் மேல் எனக்கு அனுதாபம் உண்டு.

437 என்றுதான் வந்தது. பந்தயத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள், ஜாவாப்புழு. 65001 போட்டதும் ஊ வந்தது. டை என்பது ட தனி, அதன் பின்னால் ஒரு புள்ளிவட்டத்தோடு ஐகாரக் குறி தனி.

132பத்தி எழுதியது:

நான் ஓய்வுபெற்றவன். ஒரு கணினி மையத்தில் வரி அச்சுப்பொறிக்குத் தாள் மாட்டுபவனாகச் சேர்ந்து, பிறகு நிரல் எழுதப் போனவன். 132 பத்தி அகலத் தாள், இரு ஓரமும் துளை. பலருடைய வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக அச்சாகி ஒரே மடிப்பாக வரும். யாருடையது எங்கே தொடங்குகிறது என்று பிரிப்பதற்காக ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு தாளில் பெயரைப் பெரிய எழுத்தில், சின்ன எழுத்துகளைக் கூட்டி அச்சிடுவோம். யூனிக்ஸில் அந்தப் பெரிய எழுத்தைப் போடும் கட்டளையின் பெயரே பேனர்தான். ஆக நீங்கள் கேட்பது விளையாட்டு வேலை இல்லை. இரண்டு மடிப்பு ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் இது பிறந்தது. உங்கள் 400 மார்க் ஜரிகை போல எங்களிடமும் ஒருவருடைய சம்பளப் பட்டியல் இன்னொருவர் மேசைக்குப் போன கதை உண்டு.

கோணல் பெட்டிக்கு வருகிறேன். டெர்மினல், அதாவது நிரல் எழுத்தைக் காட்டும் அந்தத் திரை, ஒரு கட்டம் போட்ட தாள். ஒவ்வொரு எழுத்தும் எத்தனை கட்டம் என்று அது ஒரு அட்டவணையைப் பார்த்து முடிவு செய்கிறது. அந்த அட்டவணை பெரும்பாலும் யூனிகோட் வகைப்பாட்டிலிருந்து வருகிறது. தமிழில் அந்த வகைப்பாட்டைப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். புள்ளி இடம் பிடிக்காத குறி. ஈகாரக் குறியும் இடம் பிடிக்காத குறி. ஆனால் இகரக் குறி இடம் பிடிக்கும் குறி! அதாவது 'கி' இரண்டு கட்டம், 'கீ' ஒரே கட்டம் என்று எண்ணும் டெர்மினல்கள் உண்டு. குறிலுக்கு இரண்டு, நெடிலுக்கு ஒன்று. தொல்காப்பியர் பார்த்தால் என்ன சொல்வாரோ. இதற்கு மேல், எழுத்துரு தமிழுக்குத் தனியே வேறொன்றிலிருந்து கடன் வாங்கப்படுவதால், வரைந்த எழுத்தின் அகலம் கட்டத்துக்குப் பொருந்துவதும் இல்லை. உங்கள் 'பயிற்சி'யில் இரண்டு இகரமும் ஒரு புள்ளியும் இருக்கின்றன. கோடு நேராக நின்றால்தான் ஆச்சரியம். இன்றைக்கு உங்கள் டெர்மினலில் சரிசெய்தாலும் நாளை வேறொன்றில் கோணும். வலப்பக்கக் கோட்டைக் கைவிடுங்கள். மேலும் கீழும் கோடு போதும்.

ஃபிக்லெட் என்று ஒரு நிரல் 1991 முதல் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால் பெரிய எழுத்தில் வரையும். அதற்குத் தமிழ் எழுத்துரு நாமே செய்து கொடுக்கலாம், எழுத்துக்கு எண் கொடுத்துச் சேர்க்க வழி இருக்கிறது. ஆனால் அது எழுத்துகளை வந்த வரிசையிலேயே அடுக்கும். யூனிகோடில் ஐகாரக் குறி ட-வுக்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது, கண்ணுக்கு முன்னால் தெரிய வேண்டும். ஃபிக்லெட்டுக்கு அந்த வித்தை தெரியாது. அதில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது ஒன்றுதான்: ஆங்கில 'எல்' எழுத்தை எடுத்துக்கொண்டால் அதுவே நம் ட.

█
█
█
█▄▄▄▄

ஆகவே கையால் வரையுங்கள். கட்டத் தாளில் 'ஊ', 'டை' இரண்டையும் எழுதி, கறுப்பான கட்டத்துக்கெல்லாம் ஒரு நட்சத்திரம். தட்டச்சில் இருக்கும் குறிதான் என்பதால் எந்தக் குறியாக்கத்திலும் கேள்விக்குறி வராது. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

இரண்டு பிரதிக்கும் நிறம் வேண்டுமென்றால், பேனருக்குள் நிறக் குறியீடு எழுதாதீர்கள். விண்டோஸில் ஸ்பிரிங் பூட் தானாக நிறம் போடாது. கட்டாயப்படுத்தினால் பழைய திரையில் அம்புக்குறியும் எண்ணுமாகக் குப்பை வரலாம். பேட்ச் கோப்பிலேயே கலர் 4எஃப் என்று ஒரு வரி எழுதுங்கள். முழுத் திரையும் சிவப்பு, எழுத்து வெள்ளை. பயிற்சிப் பிரதிக்கு 2எஃப், பச்சை. டைட்டில் என்ற கட்டளையால் சன்னலின் தலைப்பையும் மாற்றலாம்.

ஆரணிக்காரி எழுதியது:

ஐயா, கி-க்கு இரண்டு, கீ-க்கு ஒன்று என்பதைப் படித்துவிட்டு என் டெர்மினலில் அடித்துப் பார்த்தேன். உண்மைதான். இரண்டு நாளாக இடைவெளி எண்ணிக்கொண்டிருந்த என்னை நானே மன்னித்துவிட்டேன்.

நிறம் வேலை செய்கிறது. நட்சத்திரத்தில்தான் புதுச் சிக்கல், அதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

என் அப்பா முப்பது வருடம் சேலைக்கு கிராஃப் போட்டவர். பார்டரில் வரும் மயிலோ மாங்காயோ, முதலில் கட்டத் தாளில் அவர் பென்சிலில்தான் பிறக்கும். தாளின் ஒரு வரிசைக்கு ஒரு ஜக்கார்டு அட்டை. பாவு இழை மேலே எழ வேண்டிய இடத்தில் அட்டையில் துளை. அந்த அட்டைகளைக் கோத்துத் தறிக்கு மேலே மாட்டினால் சேலையில் மயில் இறங்கும். இப்போது எல்லாரும் கணினியில் போடுகிறார்கள், அவர் வீட்டில் இருக்கிறார்.

நான் அவரைக் கேட்கவில்லை. நானே பள்ளிக்கூடக் கட்ட நோட்டில் 16 வரிசை உயரத்துக்கு ஊ-வும் டை-யும் வரைந்து நட்சத்திரமாக அடித்தேன். நோட்டில் அழகாக இருந்தது. திரையில், தலையைப் பிடித்து மேலே இழுத்தது போல இரண்டு எழுத்தும் நெட்டையாக நின்றன.

அப்பா தேநீர் டம்ளரோடு பின்னால் வந்து நின்று பார்த்தார். கணினியைப் பற்றி எதுவும் தெரியாதவர். கேட்ட முதல் கேள்வி: 'உன் திரையில் கட்டம் சதுரமா, நெட்டையா?'

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். அங்குலத்துக்குப் பாவு இழை எத்தனை, ஊடை எத்தனை என்று தெரியாமல் கிராஃப் போடவே கூடாதாம். பாவு நெருக்கமாகவும் ஊடை குறைவாகவும் இருந்தால் துணியில் ஒவ்வொரு கட்டமும் ஒல்லியாக, நெட்டையாக விழும். சதுரத் தாளில் வரைந்த வட்டமான மயில் கண் துணியில் முட்டையாகிவிடும். அதனால் துணியின் கணக்குக்கு ஏற்ற தாளை எடுத்து அதில்தான் வரைய வேண்டும். 'நீ எந்தத் தாளில் வரைந்தாய்?' என்றார். பள்ளிக்கூட நோட்டு என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அளந்து பார்த்தேன். கடைத் திரையில் ஒரு எழுத்தின் இடம் 8 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம். ஒன்றுக்கு இரண்டு. அப்பா, 'அப்படியென்றால் வரிசையைப் பாதியாகக் குறை' என்றார். 8 வரிசையில் வரைந்து பார்த்தார். ஊ-வின் மேலே உட்காரும் அந்தச் சின்ன ள, 8 வரிசையில் வெறும் கறுப்புப் பொட்டாகிவிட்டது. பொட்டு வைத்த உ. அவருக்குப் பிடிக்கவில்லை, தாளைக் கிழித்துவிட்டார். உயரத்தைக் கூட்டாமல் வரிசையை மட்டும் கூட்ட வழி இருக்கிறதா?

ஜாவாப்புழு எழுதியது:

இருக்கிறது, அதுவும் உங்கள் 437-க்குள்ளேயே! அரைக் கட்ட எழுத்துகள்: ▀ மேல்பாதி கறுப்பு, ▄ கீழ்ப்பாதி கறுப்பு, █ முழுவதும். 1981-இல் வந்த ஐபிஎம் தனிக்கணினியின் எழுத்துப் பட்டியலிலேயே இவை இருந்தன, அந்தப் பட்டியல்தான் 437. ஆகவே கடைத் திரையில் 65001 எதுவும் வேண்டாம், இயல்பாகவே வரும். கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள், ஜாவா மாற்றிக்கொள்ளும்.

ஒரு எழுத்திடத்தில் மேலொன்று கீழொன்றாக இரண்டு கட்டம். உங்கள் இடம் ஒன்றுக்கு இரண்டு என்பதால் ஒவ்வொரு பாதியும் சரியான சதுரம். அப்பாவைப் பள்ளிக்கூட நோட்டிலேயே 16 வரிசை போடச் சொல்லுங்கள், திரையில் 8 வரிதான் பிடிக்கும்.

இரண்டு பிரதிக்கும் வேறு பேனர் வேண்டுமென்றால், பயிற்சிக்கு ஒரு புரொஃபைல் (தனி அமைப்புத் தொகுப்பு) வைத்து, அதன் பண்புக் கோப்பில் ஸ்பிரிங்.பேனர்.லொகேஷன் என்பதில் வேறு கோப்பின் பாதையைக் கொடுங்கள். ஜார் ஒன்றே போதும்.

ஆரணிக்காரி எழுதியது:

வந்துவிட்டது.

நேற்று இரவு அப்பா தாளைப் பார்த்து வாசித்தார், நான் அடித்தேன். அட்டை அடிப்பவருக்கு வாசிப்பது போலவே: மூன்று காலி, நான்கு குத்து, இரண்டு காலி. இரண்டு வரிசையைச் சேர்த்து ஒரு வரியாக்க வேண்டும் என்று சொன்னதும், 'இரண்டு ஊடையை ஒரே அட்டையில் அடிக்கிறாயா?' என்று முகத்தைச் சுளித்தார். திரையில் எழுத்து எழுந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். பாராட்டெல்லாம் இல்லை. டை-யின் இடப்பக்கச் சுழி ஒரு இழை தடித்துவிட்டதாம்.

கீழே கோடு, கோட்டுக்கு அடியில் பதிப்பு எண். ஜாராகக் கட்டியதும் எண் வந்தது. பயிற்சிப் பிரதியின் பேனரில் எழுத்துக்குப் பதில் ஒரு மாங்காய், அப்பாவின் பழைய பார்டரிலிருந்து. மாங்காய் என்றால் பயிற்சி, பச்சை. ஊடை என்றால் உண்மை, சிவப்பு.

இன்று காலை கணக்குப்பிள்ளை அண்ணன் அழைத்தார். 'திரை சிவப்பாக இருக்கிறது, ஏதாவது கெட்டுப்போய்விட்டதா?' முன்கூட்டியே சொல்லாதது என் தவறு. பதிப்பு எண்ணை வாசிக்கச் சொன்னேன், தடுமாறாமல் வாசித்தார். இதற்கு முன் அந்த எண்ணைக் கண்டுபிடிக்க அவரும் நானும் பத்து நிமிடம் போராடுவோம்.

132பத்தி எழுதியது:

பேனர் கோப்பை இங்கே போடுங்கள் அம்மா. அச்சிட்டு வைத்துக்கொள்கிறேன். மாங்காயும் வேண்டும்.

ஆரணிக்காரி எழுதியது:

மாங்காயை இன்றே போடுகிறேன் ஐயா. ஊடைக்குச் சற்றுப் பொறுங்கள். ஊ-வின் மேல் இருக்கும் ள இன்னும் மூச்சு முட்டுகிறது என்று அப்பா மறுபடி தாளை எடுத்திருக்கிறார், 24 வரிசை கேட்கிறார். அது திரையில் 12 வரி. கடைத் திரையில் மொத்தமே 30 வரிதான் தெரியும், லாக் வரிகளுக்கும் இடம் வேண்டும். 20-க்கு இறங்கி வருவார் என்று நினைக்கிறேன்.